மலையகத்துக்கு ஊழியப் பயணம்: முதல் முறை போகும் வாலிபர் குழுவுக்கு

கோடை விடுமுறையில் வெளிநாட்டுக்கு ஊழியப் பயணம் போகலாமா என்று வாலிபர் ஐக்கியத்தில் பேச்செடுத்தால், நேபாளம், தாய்லாந்து என்றுதான் முதலில் வாயில் வரும். நெல்லைப் பக்கத்துச் சபை என்றால் நான் தேயிலைத் தோட்டங்கள் உள்ள இலங்கை மலையகத்தைச் சொல்வேன். மொழி ஒன்று. உறவும் பழையது. நம் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்கள் நடுவே, 1854-ல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனில் திருநெல்வேலி உபதேசியார்கள் ஊழியம் செய்திருக்கிறார்கள். நாம் அந்த வழியில்தான் போகிறோம்.

படி 1: அங்குள்ள சபையைக் கேளுங்கள்

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் ஊழியம் செய்யும் ஒரு சபையோடு உங்கள் சேகர குரு வழியாகப் பேசுங்கள். "நாங்கள் இதைச் செய்யப்போகிறோம்" என்று தொடங்காதீர்கள். "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேளுங்கள்.

முதல் முறை நாங்கள் கேட்கவில்லை. மூன்று நாள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), நடனப் பாட்டு, பரிசுப் பைகள் என்று எல்லாவற்றையும் இங்கேயே தீர்மானித்துவிட்டோம். அங்கிருந்த போதகர் பொறுமையாகப் பார்த்துவிட்டு இரண்டாம் நாள் சொன்னார்: "பிள்ளைகளுக்குப் பாட்டு தெரியும் தம்பி. ஓ.எல். எழுதப்போற பிள்ளைகளுக்கு சயன்ஸ் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்ல." ஓ.எல். என்பது நம் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற அரசுப் பரீட்சை.

அடுத்த ஆண்டு அதையே செய்தோம். அதிலும் ஒரு பாடம் இருந்தது. நாம் ஆக்சிஜன் என்பதை அங்குள்ள பாடநூல் ஒட்சிசன் என்கிறது. நமக்கு இயற்பியல், அவர்களுக்குப் பௌதிகவியல். நமக்கு வேதியியல், அவர்களுக்கு இரசாயனவியல். பரீட்சையில் அவர்கள் எழுதவேண்டிய சொல் அதுதான். ஆகவே நம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் தமிழ்ப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பொறுப்பான பாடங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்து, இரண்டு மாதம் படித்துவிட்டுப் போங்கள். கிளம்புவதற்கு முன் செய்யும் வேலைகளில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும்.

படி 2: தேதியும் ஆட்களும்

ஏப்ரல் 13, 14 புத்தாண்டு நாட்களில் குடும்பங்களைத் தொந்தரவு செய்யவேண்டாம். அந்த மாதம் நுவரெலியாவில் சுற்றுலாக் கூட்டமும் அதிகம். மே மாதப் பௌர்ணமி வெசாக், பௌத்தர்களின் பெரிய பண்டிகை. அதைப் பார்த்துத் திட்டமிடுங்கள். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும், மலைச்சரிவில் மழை விளையாட்டல்ல. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து தோட்டக் குடியிருப்புகளே புதைந்தன. எனவே மே தொடக்கத்திலேயே போய்த் திரும்புவது நல்லது.

எட்டுப் பேர் போதும், பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். பெண்பிள்ளைகள் வந்தால் மூத்த அக்கா ஒருவர் கட்டாயம் கூட வரட்டும்.

படி 3: காகிதங்கள்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகவேண்டும். விசாவில் மட்டும் அலட்சியம் கூடாது. சுற்றுலா அனுமதியில் போய் மேடை போட்டுக் கூட்டம் நடத்தினால் அழைத்த சபைக்குத்தான் முதலில் சிக்கல் வரும். என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒளிக்காமல் எழுதி, எந்த வகை விசா வேண்டும் என்று குடிவரவுத் திணைக்களத்திடம் அந்தச் சபை கேட்கட்டும். தோட்டத்துக்குள் நுழையத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். அதையும் அவர்களே வாங்கட்டும்.

பயணச் செலவை ஒவ்வொருவரும் தாங்களே பார்த்துக்கொள்வது நல்லது. முடியாத பிள்ளைக்குச் சபைக் காணிக்கையிலிருந்து உதவி, அதற்குக் கணக்கு.

படி 4: பேச்சைப் பழகுங்கள்

அங்குள்ளவர்கள் தங்களை மலையகத் தமிழர் என்கிறார்கள். "தோட்டக்காட்டான்" என்பது அவர்களைக் காலமெல்லாம் குத்திய சொல். விளையாட்டுக்குக்கூட உங்கள் வாயில் வரக்கூடாது. 1948-ன் குடியுரிமைச் சட்டத்தில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன. இதைப் படிக்காமல் போனால், "எங்க மாமா குடும்பம் கோத்தகிரியில" என்று ஒரு பாட்டி சொல்லும்போது அதன் கனம் நமக்குப் புரியாது. லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்), பிரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடம்) போன்ற சொற்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 5: மூட்டை

ஸ்வெட்டர், மழைக்கோட்டு, வழுக்காத செருப்பு. அட்டைப்பூச்சிக்கு உப்பு. சட்டையும் சுடிதாரும் எளிமையாக இருக்கட்டும். விலையுயர்ந்த போனை வகுப்பில் எடுக்கவேண்டாம்.

படி 6: அங்கே போனபின்

பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவை மாலையில் உடனே கூட்டத்துக்கு இழுக்காதீர்கள். வகுப்பை பிள்ளைகளோடு நடத்துங்கள். வீட்டுக்கு அழைத்தால் மட்டும் போங்கள். லயத்து அறை சின்னது, இரண்டு பேராகப் போனால் போதும். பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) கொடுப்பார்கள், மறுக்காமல் குடியுங்கள்.

தோட்டத்தில் பெரும்பாலோர் இந்துக்கள். மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கும். பாடம் நடத்துவதற்கோ நோட்டுப் புத்தகம் கொடுப்பதற்கோ ஜெபக்கூட்டத்தை நிபந்தனையாக வைக்காதீர்கள். யாராவது ஜெபிக்கச் சொன்னால் மனதார ஜெபியுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக்கூடாது. பிள்ளைகளைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடவே கூடாது. எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக்கூடாது. இந்த விதியை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

கையில் பணம் கொடுக்காதீர்கள். கொடுக்க மனம் துடிக்கும், எனக்கும் துடித்தது. ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டோடு பகை வரும். கொடுக்க நினைப்பதைப் போதகரிடம் சொல்லுங்கள், அங்குள்ள தேவை அவருக்குத் தெரியும்.

படி 7: திரும்பிய பின்

சபையில் சாட்சி சொல்லும்போது அவர்களுடைய வறுமையை மட்டும் விவரிக்காதீர்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றியும் பேசுங்கள். பாடம் எடுத்தவர்கள் வாரம் ஒருநாள், சனிக்கிழமை மாலை, வாட்ஸ்அப் குழு அழைப்பில் வகுப்பைத் தொடருங்கள். அங்கே ஒரு போனைச் சுற்றி ஆறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், சத்தமாகப் பேசுங்கள்.