பொன்னா, காக்காப்பொன்னா? வீட்டிலேயே சோதிப்பது எப்படி

போன மாதம் மூதூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கல்லொன்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். கருங்கல்லுக்குள் மஞ்சள் நரம்பு ஓடியிருந்தது. "அண்ணா, தங்கம்தானே?"

திருகோணமலையில் இந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை. 1971இல் சேருவிலவுக்குப் பக்கத்தில் அரிப்பில் செம்புப் படிவு ஒன்று, மக்னடைட் என்ற காந்த இரும்புக் கல்லோடு சேர்ந்து கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் செம்பு இருப்பது சால்கோபைரைட்டில். செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் கூடிய கனிமம் அது. நிறமோ அசல் பித்தளை மஞ்சள். பிறகென்ன, யாரும் ஏமாறலாம்.

1. வெயிலில் திருப்பிப் பாருங்கள். தங்கம் எப்படித் திருப்பினாலும் ஒரே மஞ்சள். காக்காப்பொன் (மைக்கா) ஒரு பக்கம் மின்னி, மறுபக்கம் மங்கும். ஊசியால் கிண்டினால் ஏடு ஏடாக உரியும். மயில் கழுத்து நிறம் படிந்திருந்தால் சால்கோபைரைட்டைச் சந்தேகியுங்கள்.

2. ஊசியால் குத்துங்கள். தங்கம் பள்ளமாகும், உதிராது. சால்கோபைரைட் பொடியாகும். பைரைட்டில் (இரும்பும் கந்தகமும் கூடிய மஞ்சள் கனிமம்) ஊசி வழுக்கும். 1 முதல் 10 வரையான மோஸ் கடின அளவில் அது 6க்கு மேல், தங்கத்துக்கு 3கூட இல்லை.

3. உரைத்துப் பாருங்கள். தட்டார் உரைகல்லில் செய்வதேதான். நமக்கு டைல்ஸ் துண்டின் மெருகில்லாத வெள்ளைப் பின்பக்கம் போதும். தங்கம் மஞ்சள் கோடு போடும். பைரைட்டும் சால்கோபைரைட்டும் பச்சை கலந்த கறுப்புக் கோடு. தம்பியின் முகம் வாடியது இந்த இடத்தில்தான்.

4. அடர்த்தியை அளவிடுங்கள். எனக்குப் பிடித்த படி இது. சமையலறை டிஜிட்டல் தராசில் கல்லை நிறுங்கள். அடுத்து தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் நிறையை வகுத்தால் அடர்த்தி வரும். 72 கிராம் கல், தண்ணீரில் 20 காட்டினால் 3.6. வெறும் குவாட்ஸ் (படிகக்கல்) 2.65, சால்கோபைரைட் 4.2, பைரைட் 5, தங்கம் 19.3. நரம்பும் பாறையும் கலந்த கல்லில் இடைப்பட்ட எண்தான் வரும். அதை வைத்துக் கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

இவற்றில் தோற்ற கல்லில் தங்கமே இல்லையென்றும் அடித்துச் சொல்ல முடியாது. தொன்னுக்கு 5 கிராம் தங்கமுள்ள தாது நல்ல தாது. அதில் ஒரு கிலோ எடுத்தால் உள்ளே 5 மில்லிகிராம்; எல்லாம் ஒன்றாய்த் திரண்டாலும் கடுகைவிடப் பல மடங்கு சிறிது. அதுவும் பைரைட்டுக்குள்ளும், ஆர்செனிக் கலந்த ஆர்செனோபைரைட்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கலாம். அதை அறிய, கல்லைப் பொடித்து ஈய ஒட்சைட்டோடு உருக்குவார்கள். உருகிய ஈயம் தங்கத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு ஈயத்தைப் பிரித்து, மிஞ்சும் தங்கத்தை நிறுப்பார்கள். ஆய்வுகூட வேலை அது. வீட்டு அடுப்பில் கல்லைச் சுடவே வேண்டாம்: கந்தகப் புகை ஒருபக்கம், ஆர்செனிக் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

மண்வெட்டியோடு கிளம்ப நினைப்பவர்களுக்கு: 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, கனிமம் தேடுவதற்கும் தோண்டுவதற்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.