ஃபைபர் கேரவன் வாங்கும் முன் உள் அகலத்தை அளப்பது எப்படி?

போன கோடையில் நானும் மனைவியும் மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து கனடாவுக்குப் போயிருந்தோம். மகளும் மருமகனும் கல்கரியில் இருக்கிறார்கள். எங்களை பான்ஃப் மலைப்பக்கம் கூட்டிப்போக ஒரு சின்ன ஃபைபர் கேரவனை (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடு) வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கேரவன் எங்களுக்கு, பக்கத்தில் கூடாரம் அவர்களுக்கு. தாளில் அகலம் 6 அடி 8 அங்குலம் என்று இருந்தது. அதாவது 203 சென்டிமீட்டர். என் உயரம் 178. இருபத்தைந்து செ.மீ. மிச்சம், தாராளமாகக் கால் நீட்டலாம் என்று நம்பிப் படுத்தேன்.

அன்று இரவு என் தலை ஒரு சுவரில், கால் விரல்கள் எதிர்ச் சுவரில். வெளியே நல்ல குளிர். எங்கள் மூச்சுக் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த ஃபைபர் சுவரில் நீராகப் படிந்து, விடியும்போது போர்வையின் கால்பக்கம் நனைந்திருந்தது. பின்சுவர் ஓரம் படுத்த மனைவி இரவில் இரண்டு தடவை எழ வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் என்னைத் தாண்டித்தான் இறங்கினாள். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது மகள் சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறாள். அளக்கும் வேலை என்னுடையது. நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். பிள்ளைகள் இருக்கும் ஊரில் வாங்க நினைப்பவர்களுக்கும், இங்கே கொண்டுவரலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில்: ஏன் அகலத்திலிருந்து தொடங்க வேண்டும்?

மற்றதையெல்லாம் பிறகு மாற்றலாம். அடுப்பை, மெத்தையை, விளக்கை மாற்றலாம். அகலத்தை மட்டும் மாற்ற முடியாது. தெலுக் பஹாங் பக்கம் மீன்பிடிப் படகுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஃபைபர் படகு அச்சில் வார்த்து எடுப்பது. அச்சு எப்படியோ படகும் அப்படியே. இந்தக் கேரவன்களும் அப்படித்தான். மேல் பாதி ஒரு வார்ப்பு, கீழ்ப் பாதி ஒரு வார்ப்பு. இரண்டையும் நடுவில் சேர்த்து, சேர்ந்த இடத்தில் ஒரு பட்டை ஒட்டுவார்கள். கனடாவின் வின்னிபெக் நகரில் 1968-இல் போலர் என்ற 13 அடி கேரவனை உருவாக்கிய ரே ஒலெக்கோ, அதற்கு முன் ஃபைபரில் கழிவுநீர்த் தொட்டி செய்தவர். தொட்டி செய்த கைதான் வீட்டையும் செய்தது.

மரச்சட்டம் போட்டுக் கட்டும் கேரவன்களில் சில, நிறுத்திய பிறகு ஒரு பக்கச் சுவரை வெளியே தள்ளி இடத்தைப் பெருக்கும். முட்டை வடிவ ஃபைபர் கேரவனில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. அச்சு கொடுத்த அகலத்தோடுதான் காலமெல்லாம் இருக்க வேண்டும்.

படி 1: கேரவனை விடுங்கள், உங்களை அளந்துகொள்ளுங்கள்

ஹாலில் பாயை விரித்து, தலையணை வைத்து, தலைப்பக்கம் சுவரை ஒட்டியிருக்கும்படி படுங்கள். எப்போதும் தூங்குவது போலவே படுக்க வேண்டும். கால் விரல் முடியும் இடத்தில் வீட்டில் ஒருவரை டேப் ஒட்டச் சொல்லுங்கள். நிற்கும்போது 178 இருக்கும் நான், தலையணையோடு மல்லாந்து படுத்தால் 191 வருகிறேன். பாதம் நீள்வதும் தலையணை தள்ளுவதும்தான் காரணம். அதோடு சுவரில் படாமலிருக்க 5 செ.மீ. சேர்த்தால் 196. இதுதான் என் எண். இந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள், கடைசி வரை வேலைக்கு வரும்.

ஒருக்களித்து, காலை மடக்கித் தூங்குபவர்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. என் மனைவிக்கு 165 போதும். தம்பதியில் யார் நீளமோ அவருடைய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு துண்டை எடுத்து, குளித்து முடித்து முதுகு துடைப்பது போல் செய்து பாருங்கள். முழங்கைக்கு முழங்கை எவ்வளவு இடம் எடுக்கிறது என்று ஒருவர் அளக்கட்டும். குளியலறை உள்ள கேரவன் வேண்டுமென்றால் அந்த எண்ணும் வேண்டும்.

படி 2: ஒரே கேரவனில் நான்கு அகலம் உண்டு

நான் ஏமாந்தது இங்கேதான். புதிதாக வாங்குபவர்கள் பலரும் இங்கேதான் தவறுவார்கள் என்று நினைக்கிறேன்.

விளம்பரத்தில் போடுவது வெளி அகலம். சாலைக்கும் வாசல் கேட்டுக்கும் அந்த எண் தேவை, தூக்கத்துக்கு அது உதவாது. இரண்டாவது, உள்ளே மிக அகலமான இடம். அது இரண்டு வார்ப்பும் சேரும் பட்டை உயரத்தில், கிட்டத்தட்ட நம் இடுப்பு மட்டத்தில் இருக்கும். ஃபைபரின் கனமும், உட்பக்கம் ஒட்டிய பஞ்சும் துணியும் இரண்டு பக்கமும் சேர்ந்து வெளி அகலத்தில் சில செ.மீ. தின்றுவிடும். மூன்றாவது, மெத்தை மட்டத்து அகலம். மெத்தை பட்டைக்குக் கீழே கிடக்கிறது. சுவர் முட்டை ஓடு மாதிரி கீழே போகப் போக உள்ளே வளைகிறது. ஆகவே அகலம் இன்னும் குறையும். நான்காவது தரை மட்டம். அங்கே வளைவோடு, சக்கரத்துக்கு மேல் உள்ளே புடைத்து நிற்கும் பெட்டியும் இடத்தைப் பிடிக்கும்.

நாங்கள் தூங்கிய கேரவனில் மறுநாள் காலை மெத்தை மட்டத்தில் அளந்தேன்: 188. விளம்பரத்தில் 203, முதுகுக்குக் கீழே 188. எனக்குத் தேவை 196.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இங்கே விற்கும் குவீன் மெத்தை 190 செ.மீ. நீளம், 152 செ.மீ. அகலம். உங்கள் குவீன் கட்டிலின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சுவர் எழுப்பிவிட்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் 6 அடி 8 அங்குலக் கேரவனில் குறுக்கே படுப்பது.

படி 3: ஹால் தரையில் கேரவனை வரையுங்கள்

ஒரு காசு செலவழிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஹார்ட்வேர் கடையில் பெயிண்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் இரண்டு உருளை வாங்குங்கள். தரையில் பசை ஒட்டாமல் உரிந்து வரும். சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, நீங்கள் பார்த்து வைத்த கேரவனின் உள் நீளம், உள் அகலத்துக்கு ஒரு செவ்வகம் ஒட்டுங்கள். விற்பவரிடமிருந்து உள் அளவு கிடைக்கவில்லையென்றால் வெளி அகலத்தில் 15 செ.மீ. கழித்து ஒட்டுங்கள். கொஞ்சம் கஞ்சத்தனமாக ஒட்டினால் பிறகு வருந்த வேண்டியிருக்காது.

வரைபடத்தைப் பார்த்து கட்டில், சமையல் மேடை, அலமாரி, குளியலறை எல்லாவற்றையும் டேப்பால் பிரியுங்கள். வெறும் கோடு போதாது, ஏனென்றால் கோட்டைத் தாண்டிக் கால் தன்னால் போகும். மேடை இருக்கும் இடத்தில் மேசையை வையுங்கள். அலமாரிக்கு நாற்காலிகள். சுவர் வரும் கோட்டில் அரிசி மூட்டை, அட்டைப் பெட்டி, எது கிடைத்தாலும் நிறுத்துங்கள். இடுப்பு உயரத்துக்கு ஏதாவது இருந்தால்தான் உடம்புக்கு உண்மை தெரியும்.

இப்போது உள்ளே வாழ்ந்து பாருங்கள். ஒருவர் தேநீர் கலக்கட்டும், இன்னொருவர் அவர் முதுகுக்குப் பின்னால் கடந்து குளியலறைக்குப் போகட்டும். நடைபாதை 60 செ.மீ. இருந்தால் ஒருவர் வசதியாக நடக்கலாம், உடம்பைத் திருப்பினால் இருவர் உரசிக்கொண்டு கடக்கலாம். 45 ஆகிவிட்டால் ஒருவர் உட்கார்ந்தே வழிவிட வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள், முட்டி முட்டியில் இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, உள்பக்கம் படுத்தவர் எழுந்து கழிப்பறை போய்த் திரும்பட்டும்.

நாங்கள் ஒரு சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தோம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டதும் அதற்குள்தான். ஞாயிறு காலை மனைவி சொன்னாள்: “அகலம் பரவாயில்லை. ஆனா படுக்கையைக் குறுக்கே போடாதீங்க.” அடுத்த படி அதிலிருந்துதான் வந்தது.

படி 4: படுக்கை எந்தத் திசையில்?

அகலம் போதுமா என்ற கேள்விக்கு விடை படுக்கையின் திசையில் இருக்கிறது. குறுக்கே, அதாவது சுவருக்குச் சுவர் படுக்கும் அமைப்பில் உங்கள் உயரம் அகலத்தோடு மோதும். நீளவாக்கில் படுத்தால் மோதாது. அங்கே அகலத்திடம் நீங்கள் கேட்பது இரண்டு உடம்பின் பருமனையும் ஒரு நடைபாதையையும் மட்டுமே. 65 செ.மீ. படுக்கை இந்தப் பக்கம், 65 அந்தப் பக்கம், நடுவில் 60 நடக்க. மொத்தம் 190. குறுக்கே எனக்கு எட்டாத அதே கேரவன் அகலம், நீளவாக்கில் இருவருக்கும் கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடுகிறது. யாரும் யாரையும் தாண்டவும் வேண்டாம்.

படி 1-இல் குறித்த எண்ணை எடுங்கள். அது மெத்தை மட்டத்து அகலத்தைவிடக் குறைவு என்றால் குறுக்குப் படுக்கை உங்களுக்குச் சரிவரும், குட்டையான, விலை குறைந்த 13 அடிக் கேரவனே போதும். அதிகம் என்றால் நீளவாக்குப் படுக்கை உள்ளதைத் தேடுங்கள், அல்லது அகலமான அச்சுக்குப் போங்கள். பிள்ளைகள் வளர்கிற வயதில் இருந்தால் இன்றைய உயரத்தை நம்பாதீர்கள்.

படி 5: எந்த வகை உங்களுக்கு?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் செய்யப்படும் ஸ்கேம்ப் 13 அடியிலும் 16 அடியிலும் உண்டு. இரண்டுக்கும் வெளி அகலம் அதே 6 அடி 8 அங்குலம். பெரியதை வாங்கினால் அகலமும் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள், கூடுவது நீளம் மட்டுமே. டெக்சஸ் மாநிலத்துக் கசீட்டாவும் அதே அகலக் குடும்பம். அதில் லிபர்ட்டி என்ற அமைப்பில் இரண்டு ஒற்றைப் படுக்கைகள் நீளவாக்கில் இருக்கும், வேண்டுமானால் சேர்த்துப் பெரிதாக்கலாம். என்னைப் போன்ற உயரக்காரர்களுக்கு முதலில் நான் காட்டுவது இதைத்தான். டென்னசியில் செய்யும் ஆலிவர் இரட்டை ஓடு கொண்டது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் குளிரைத் தடுக்க இடம் இருப்பதால் சுவர் அவ்வளவாக வியர்க்காது. அதன் பெரிய மாடல் 7 அடி அகலம். விலை அதிகம். கனடாவின் பிக்ஃபூட் 8 அடியை ஒட்டிய அகலம், உள்ளே போனால் சின்ன வீடு மாதிரி இருக்கும். ஆனால் அதை இழுக்க வலுவான வண்டி வேண்டும்.

படி 6: நேரில் பார்க்கும்போது

அளவு டேப்பை எடுத்துப் போய் மூன்று உயரத்தில் அளக்க வேண்டும்: தரையில், மெத்தையின் மேல், உட்கார்ந்தால் தோள் வரும் இடத்தில். படுக்கையின் இரண்டு மூலைகளையும் தனியாக அளந்துகொள்ளுங்கள். ஓட்டின் மூலை வளைந்திருப்பதால் நடுவில் 190 இருந்தாலும் ஓரத்தில் குறையும், ஓரத்தில் படுப்பவர்தான் அதை அனுபவிப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு பத்து நிமிடம் உண்மையாகவே படுங்கள். விற்பவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தொலைவில் இருந்தால் அளவு டேப் விரித்தபடி படம் அனுப்பச் சொல்லுங்கள். மகள் வாட்ஸ்அப் காணொளியில் காட்ட, நான் இங்கே ஹாலில் டேப்பை நகர்த்தி ஒட்டிக்கொண்டே போனேன். இரண்டு கேரவன்கள் அப்படியே கழிந்தன.

படி 7: அகலத்துக்கும் ஒரு விலை உண்டு

அகலம் கூடினால் காற்று தடுக்கும், எண்ணெய்ச் செலவு ஏறும், பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் மறையும். டொயோட்டா ஹைலக்ஸ் கிட்டத்தட்ட 185 செ.மீ. அகலம். 203 செ.மீ. கேரவன் அதன் இரண்டு பக்கமும் சுமார் 9 செ.மீ. மட்டுமே துருத்தும். 8 அடிக்கு, அதாவது 244-க்குப் போனால் பக்கத்துக்கு ஏறக்குறைய 30 செ.மீ. அப்போது நீட்டிப்புக் கண்ணாடி மாட்டாமல் ஓட்டக் கூடாது.

படி 8: இங்கே கொண்டுவர நினைப்பவர்களுக்கு

வட அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அதனால் அங்கே செய்யும் கேரவனின் கதவு பெரும்பாலும் வலப்பக்கம்தான் இருக்கும். நம் சாலையில் ஓரம் கட்டினால் அந்தக் கதவு நேராகப் போக்குவரத்துக்குள் திறக்கும். பேரப்பிள்ளைகள் குதித்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இது ஒன்றே போதும், அங்கிருந்து இறக்கவேண்டாம் என்பேன். ஆஸ்திரேலியக் கேரவன்களின் கதவு இடப்பக்கம். மின்சாரமும் நம்மதைப் போன்றதே, வட அமெரிக்கக் கேரவன்கள் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை.

எந்த நாட்டிலிருந்து வந்தாலும் முன்பணம் கட்டும் முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் மாடலின் அளவுத் தாளைக் காட்டி, பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்பவர் வாயால் சொல்வதை வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

அதோடு உங்கள் வீட்டு கேட்டையும் அளந்துவிடுங்கள். கேட்டுக் கதவு முழுதாகத் திறந்த பிறகு மிஞ்சும் இடைவெளி எவ்வளவு, முன்றிலில் காருக்குப் பக்கத்தில் இன்னொன்று நிற்குமா, கேரவன் கதவைத் திறந்து இறங்க இடம் இருக்குமா? எங்கள் தாமான் வீட்டில் கார் நின்ற பிறகு மிஞ்சுவது 170 செ.மீ. ஆகவே எங்கள் கேரவன் கல்கரியிலேயே இருக்கும். நீளவாக்குப் படுக்கையோடு, மெத்தை மட்டத்தில் 192 செ.மீ. அகலமுள்ள ஒன்றை மகள் பார்த்து வைத்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை மூன்று உயரத்திலும் அளக்கப் போகிறாள், நான் டேப்போடு ஹாலில் இருப்பேன்.