வீட்டுக் கடன் தவணை தவறும்போது: வங்கி நோட்டீஸ் முதல் ஏலம் வரை என்ன செய்ய வேண்டும்?

‘ஃபோர்குளோஷர்’ என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. நம் வங்கிக் கிளைகளில் அந்தச் சொல்லுக்குக் கடனை முன்கூட்டியே கட்டி முடிப்பது என்று பொருள். அமெரிக்காவிலோ, கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி எடுத்துக்கொள்வது என்று பொருள். இந்தக் கட்டுரை இரண்டாவது பொருளைப் பற்றியது. அதைத்தான் நாம் ஜப்தி என்றும், ஏலம் என்றும், ‘சீல் வைத்துவிட்டார்கள்’ என்றும் சொல்கிறோம். தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் வாங்கி, தவணை கட்டத் திணறுகிறவர்களுக்காக, சட்டம் படிக்காதவர்களும் பின்பற்றும்படி இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் பெரும்பாலான வீடுகள் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ்தான் ஏலத்துக்கு வருகின்றன. இச்சட்டத்தின்படி வங்கி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு வாங்க வேண்டியதில்லை. தானே நோட்டீஸ் கொடுத்து, தானே வீட்டை எடுத்து, தானே விற்கலாம். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கடன்தாரருக்கு இத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்று அதே சட்டம் வங்கியைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்த நாள்கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடுவதால் கைவிட்டுப் போகும் வீடுகளை நினைத்தே எனக்கு மனம் கனக்கிறது.

தவணை ஏன் திடீரென்று கனக்கிறது?

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரிக்குள் 6.50 சதவீதமாக உயர்ந்தது. ரூ.30 லட்சத்தை 20 ஆண்டுகளுக்கு 7 சதவீத வட்டியில் வாங்கியவரின் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.23,260. அதே கடனுக்குத் தொடக்கத்திலேயே வட்டி 9.5 சதவீதமாகிவிட்டால், ஒரு மாத வட்டி மட்டுமே ரூ.23,750. அதாவது பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் அசல் குறையாது, கூடும். இதனால்தான், வட்டி உயரும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன்தாரரே தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும், கால நீட்டிப்பால் அசல் வளரும் நிலை வரக்கூடாது என்றும் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ 3 முறை குறைக்கப்பட்டு 5.50 சதவீதத்துக்கு வந்தது. அந்தக் குறைப்பு உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் புதிதாகக் கொடுத்த மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைந்தவை. அதற்கு முந்தைய கடன்களிலும், வீட்டுக் கடன் நிறுவனங்களின் கடன்களிலும் குறைப்பு தானாக வந்து சேராமல் போகலாம். வட்டியை மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். சில குடும்பங்களுக்கு இந்த ஒரு கடிதமே போதுமானதாக இருக்கும்.

படி 1: முதல் தவணை தவறிய உடனே

தவணை நிலுவையாகி 90 நாட்கள் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிறது. அதுவரை வங்கி உங்களைக் கவனிக்க வேண்டிய கணக்காக வைத்திருக்கும். சர்ஃபாசி நோட்டீஸ் அனுப்ப முடியாது. இந்த 3 மாதங்களில்தான் வங்கி மேலாளர் உங்களுக்கு உதவும் நிலையில் இருக்கிறார். வேலை போனது, மருத்துவச் செலவு, தொழில் நஷ்டம் என்று காரணத்தைச் சொல்லி, அதற்கான சான்றுகளை இணைத்து, கால நீட்டிப்போ தற்காலிகத் தவணைக் குறைப்போ கேட்டுக் கடிதம் கொடுங்கள். நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதில் பின்னால் எங்கும் செல்லாது.

கடன் வாங்கியபோது காப்பீடு எதுவும் சேர்த்துக் கொடுத்தார்களா என்று பழைய காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள். குடும்பத் தலைவர் இறந்த பின், கடனுக்கே காப்பீடு இருந்தது தெரியாமல் தவணை கட்ட வழியின்றித் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கு வாராக்கடனான பிறகு ஒரு தவணை மட்டும் கட்டினால் நிலைமை மாறாது. நிலுவையில் உள்ள அசலும் வட்டியும் முழுவதும் கட்டப்பட்டால்தான் கணக்கை வழக்கமான நிலைக்குத் திருப்பலாம் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. ஆகவே கையில் இருக்கும் பணத்தை 91ஆம் நாளுக்கு முன் கட்டுவதற்கும் பின் கட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

படி 2: 60 நாள் நோட்டீஸைப் பிரித்துப் படியுங்கள்

சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி வரும் நோட்டீஸ், முழுக் கடனையும் 60 நாட்களுக்குள் கட்டச் சொல்லும். அந்தத் தொகையைக் கண்டதும் பலர் உறைந்துபோகிறார்கள். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர், தபால்காரர் கொண்டுவந்த பதிவுத் தபாலை வாங்காமலேயே திருப்பி அனுப்பினார். வாங்காவிட்டால் நோட்டீஸ் செல்லாது என்று யாரோ சொன்னதை நம்பினார். சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை வாங்க மறுத்தால், அது கிடைத்ததாகவே சட்டம் கருதும். அவர் இழந்தது 60 நாட்கள். அந்த நாட்களில் செய்திருக்கக்கூடிய எதையும் பிறகு செய்ய முடியவில்லை.

நோட்டீஸில் எவ்வளவு தொகை, எந்தச் சொத்து என்ற விவரம் தெளிவாக இருக்க வேண்டும். கடன் கணக்கு அறிக்கையை வாங்கி, நீங்கள் கட்டிய ஒவ்வொரு தவணையும் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். தாமதத்துக்கான அபராதத்தை வட்டியோடு கூட்டி, அதற்கும் வட்டி போடுவதை ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவு தடுக்கிறது. 2024 முதல் அது நடைமுறையில் உள்ளது.

அடுத்து, சட்டமே உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். ரூ.1 லட்சத்துக்கு மேற்படாத கடனுக்கும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவான நிலுவைக்கும் இச்சட்டம் பொருந்தாது. பிற நிதி நிறுவனம் என்றால் அதன் சொத்து மதிப்பு ரூ.100 கோடியும், கடன் ரூ.20 லட்சமும் இருந்தால்தான் இந்த வழி அதற்குத் திறக்கும். விவசாய நிலத்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது. நிலம் உண்மையில் விவசாயத்துக்குப் பயன்படுகிறதா என்பதையே உச்ச நீதிமன்றம் பார்க்கிறது. புஞ்சை மனையில் மாடி வீடு கட்டியவர் இந்த விலக்கை நம்பியிருக்கக் கூடாது.

நோட்டீஸ் கிடைத்த பின், வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. உறவினர் பெயருக்கு எழுதிவைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

படி 3: ஆட்சேபனைக் கடிதம் கொடுங்கள்

பலரும் தவறவிடுவது இந்தக் கட்டத்தை. 13(3ஏ) பிரிவின்படி நீங்கள் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தால், வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்கவில்லையென்றால் 15 நாட்களுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். 2004 ஏப்ரலில் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதன் விளைவாகவே இந்தப் பிரிவு சட்டத்தில் சேர்ந்தது.

கடிதத்தில் கெஞ்சலோ கோபமோ வேண்டாம். நோட்டீஸின் தேதி, கணக்கு எண், தொகையில் நீங்கள் கண்ட பிழைகள், வரவு வைக்கப்படாத பணத்தின் ரசீதுகள், நிலுவையை எப்போது எவ்வளவாகக் கட்ட முடியும் என்ற திட்டம் ஆகியவற்றை வரிசையாக எழுதி, நோட்டீஸில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்குப் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பட்டுவாடாச் சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி ஆட்சேபனையை நிராகரித்தால் அந்த நிலையிலேயே கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு (இதைப் படி 5இல் பார்ப்போம்) போக முடியாது. ஆனாலும் இந்தக் கடிதம் வீணாவதில்லை. வங்கி பதிலே தராமல் அடுத்த நடவடிக்கைக்குப் போயிருந்தால், அதுவே பின்னால் உங்கள் பக்கம் நிற்கும் வலுவான குறையாகிறது.

படி 4: பேசித் தீர்ப்பதா, நீங்களே விற்பதா?

ஒரே தவணையில் குறைந்த தொகைக்குக் கடனை முடித்துக்கொள்வதை ஓ.டி.எஸ். என்கிறார்கள். அது வங்கி விரும்பினால் தரும் சலுகை. கடன்தாரர் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மேலும், இப்படி முடித்த கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் முழுதாகக் கட்டிய கடனாகப் பதிவாகாது. பிற்காலத்தில் புதுக் கடன் கேட்கும்போது அது தடையாக நிற்கலாம்.

தவணையைத் தொடர வழியே இல்லை என்று குடும்பத்துக்குத் தெரிந்துவிட்டால், வங்கியின் சம்மதத்தோடு வீட்டை நீங்களே விற்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஏலத்தில் வாங்குபவர் வழக்கு வருமோ, வீடு காலியாகுமோ என்ற பயத்தை விலையில் கழித்துக்கொள்வார். நேரடியாக வாங்குபவருக்கு அந்தப் பயம் இல்லை. வாங்குபவரின் பணம் நேராக உங்கள் கடன் கணக்குக்குப் போய், மீதி உங்களிடம் வரும்படி மூன்று தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். சொந்த வீட்டை விற்கும் வலியைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆயினும் ஏலத்துக்குப் பின் வெறுங்கையோடு வாடகை வீடு தேடுவதைவிட, கையில் சில லட்சங்களோடு தேடுவது மேல்.

படி 5: வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டினால்

60 நாட்கள் முடிந்தபின் வங்கி 13(4) பிரிவின்கீழ் சுவாதீனம் எடுக்கும், அதாவது வீட்டைத் தன் வசம் கொண்டுவரும். முதலில் பெரும்பாலும் பெயரளவில்தான்: வெளிக்கதவில் அறிவிப்பு ஒட்டப்படும், 7 நாட்களுக்குள் 2 நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று வட்டார மொழி நாளிதழாக, அது வெளியாகும். நீங்கள் இன்னும் வீட்டில்தான் இருப்பீர்கள். ‘ஒட்டிவிட்டுத்தானே போயிருக்கிறார்கள்’ என்று அலட்சியமாக இருக்காதீர்கள். இந்த நாளிலிருந்து உங்கள் 45 நாட்கள் ஓடத் தொடங்குகின்றன.

அந்த 45 நாட்களுக்குள் 17ஆம் பிரிவின்கீழ் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். வழக்கறிஞர்கள் இதை டி.ஆர்.டி. என்பார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் இது இருக்கிறது. பெயரளவுச் சுவாதீனத்தின்போதே மனுச் செய்யலாம், வெளியேற்றப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று 2018இல் ஹிண்டன் ஃபோர்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. முன்பு இதற்கே கடனில் 75 சதவீதத்தை வைப்பாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. மார்டியா தீர்ப்பு அதை நீக்கியது. இப்போது நீதிமன்றக் கட்டணம் மட்டும் உண்டு. ஆனால் இடைக்காலத் தடை கேட்கும்போது, ஒரு பகுதியைக் கட்டும்படி தீர்ப்பாயம் நிபந்தனை விதிக்கலாம் என்பதால், கொஞ்சம் பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.

உரிமையியல் நீதிமன்றத்தில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கவனமாக இருங்கள். இத்தகைய விவகாரங்களை விசாரிக்க அந்த நீதிமன்றங்களுக்கு 34ஆம் பிரிவு தடை விதிக்கிறது. தீர்ப்பாயம் இருக்கும்போது நேராக உயர் நீதிமன்றத்துக்கு வருவதையும் உச்ச நீதிமன்றம் 2010 முதல் கண்டித்து வருகிறது. தீர்ப்பாயத்தில் தோற்றால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கடன் தொகையில் 50 சதவீதத்தைக் கட்ட வேண்டும், அதை 25 சதவீதம் வரை மட்டுமே குறைக்க முடியும். ஆகவே முதல் மனுவையே முழுத் தயாரிப்போடு போடுங்கள்.

நேரடிச் சுவாதீனத்துக்கு வங்கி சென்னையில் தலைமைப் பெருநகரக் குற்றவியல் நடுவரையும், மாவட்டங்களில் ஆட்சியரையோ தலைமைக் குற்றவியல் நடுவரையோ அணுகும். அவர்களின் உத்தரவு இல்லாமல் வசூல் முகவர்கள் வந்து சாமான்களை வெளியே எறிய முடியாது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அவர்கள் தொலைபேசியில் அழைக்கவும் கூடாது. மீறினால் வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். உதவி எண் 15100. பல வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருப்பதால், மனைவி மனுதாரராகச் சேர்ந்து இந்த உதவியைக் கேட்கலாம்.

படி 6: ஏல அறிவிப்புக்கு முன்னும் பின்னும்

வங்கி அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பீடு வாங்கிக் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்க வேண்டும். விற்பனை பற்றி உங்களுக்கு 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும். இந்த 30 நாட்கள் கட்டாயம் என்று 2014இல் மேத்யூ வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஏலம் யாரும் எடுக்காமல் போய் மறுபடி அறிவிக்கும்போது 15 நாட்கள் போதும். பக்கத்து வீடுகள் விற்ற விலையோடு ஒப்பிட்டு, மதிப்பீடு மிகக் குறைவு என்று தோன்றினால், உடனே எழுத்தில் ஆட்சேபித்து அதையும் தீர்ப்பாயத்தின் முன் வையுங்கள்.

பழைய அனுபவத்தை வைத்துப் பேசுபவர்கள் ‘ஏலம் முடியும் வரை பணம் கட்டி மீட்கலாம்’ என்பார்கள். 2016 செப்டம்பர் வரை அது சரி. அதன்பின் 13(8) பிரிவு திருத்தப்பட்டு, முழு நிலுவையையும் செலவுகளையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது; 2023இல் செலிர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. நகையை விற்றோ உறவினரிடம் வாங்கியோ பணம் புரட்டப் போகிறீர்கள் என்றால், நாளிதழில் விளம்பரம் வருவதற்கு முன் புரட்டுங்கள்.

படி 7: கடன் முடிந்த பின்

வீடு ஏலம் போயிருந்தால், கடனும் செலவும் போக மிஞ்சிய தொகை உங்களுடையது. வங்கி தானாகத் தரும் என்று இருக்காமல், ஏலத்தொகை, கழிவுகள், மீதி ஆகியவற்றின் கணக்கை எழுதிக் கேட்டு வாங்குங்கள். கடனைக் கட்டி வீட்டை மீட்டிருந்தால், மூலப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. பத்திரம் கைக்கு வந்த பிறகு, அடமானத்தைப் பதிவுசெய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் வங்கியோடு சேர்ந்து, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணத்தைப் பதிவுசெய்து, புதிதாக வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, அதில் அந்த ரசீதுப் பதிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.