மூணு சுழி ண-ல இருந்து ஆரம்பிங்க

டிஜிட்டல் இல்லஸ்ட்ரேஷன் ஒரு பேப்பர், டைபோகிராஃபி, அதாவது எழுத்து வடிவமும் அதை அடுக்குறதும், இன்னொரு பேப்பர்னு சிலபஸ்ல ரெண்டா பிரிச்சு வச்சிருப்பாங்க, நானும் மூணு வருஷம் அப்படியேதான் எடுத்தேன். அதுல என்ன ஆச்சுன்னா, அருமையா படம் போடுற பொண்ணு கூட கடைசி பத்து நிமிஷத்துல மேல ஒரு ஃபாண்டை இழுத்துப் போட்டுட்டு "முடிஞ்சுது மேம்"னு நிக்கும், படம் ஒரு ஊர்ல இருக்கும், எழுத்து வேற ஊர்ல இருக்கும். அப்புறம்தான் ரெண்டையும் ஒரே கிளாஸா மாத்தினேன். எழுத்தும் படம்தான், அதை வரையத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அதை வைக்கவும் தெரியும், இதை நான் முழுசா நம்புறேன். புதுசா டிசைன் பசங்களுக்கு சொல்லித்தரப் போறவங்க யாராவது இருந்தா, நான் எப்படி எடுக்கிறேன்னு சொல்றேன், உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

முதல் வாரம் லேப் பக்கமே போக வேண்டாம். பசங்களை ஒரு கடைத்தெருவுக்கு அனுப்புங்க, போனை எடுத்துட்டுப் போய் ஒரே ஒரு எழுத்தை மட்டும் போட்டோ எடுத்துட்டு வரணும், மூணு சுழி ண. கண் கண்ணாடிக் கடை, திருமண மண்டபம், எண்ணெய்க் கடை, அண்ணாச்சி மளிகைன்னு எங்க பார்த்தாலும் இருக்கும், ஆளுக்கு இருபது கிடைக்கிறது கஷ்டமே இல்ல. ஏன் ண-ன்னா, தமிழ்ல ரொம்ப அகலமான எழுத்துகள்ல அதுவும் ஒண்ணு, உள்ள வெள்ளை இடம் நிறைய பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கும், எழுத்தைத் தடிமனாக்கும்போது முதல்ல அடைச்சுக்கிறதே இதுதான். பிரஷ்ஷால போர்டு எழுதுற பெயிண்டர் அந்தச் சுழிக்குள்ள மட்டும் கோட்டை மெலிசாக்கி, எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்கி தப்பிச்சிருப்பாரு, அதுவே ஃப்ளெக்ஸ் பேனர்ல ஃபாண்டுக்கு சும்மா அவுட்லைன் ஸ்ட்ரோக் குடுத்து தடிமன் ஆக்கியிருந்தா உள்ள மூணு சுழியும் அடைச்சுக்கிட்டு கருப்பு உருண்டையா நிக்கும். எல்லா போட்டோவையும் சுவர்ல ஒட்டிட்டு நீங்க பேசாம நில்லுங்க, வித்தியாசத்தை அவங்களே சொல்லுவாங்க.

அதுக்கப்புறம் கை வேலை. ரெண்டு பென்சிலை ரப்பர் பேண்ட் போட்டு சேர்த்துக் கட்டி அதால எழுதச் சொல்லுங்க. ரெண்டு கோடு வரும், ரெண்டும் விலகுற இடத்துல தடிமன், நெருங்குற இடத்துல மெலிசு. பட்டை நிப் பேனா என்ன பண்ணும்னு வாயால விளக்குறதை விட இது அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிரும். கையைச் சாய்க்காம அதே கோணத்துல பிடிக்கணும், அதை மட்டும் விடாம கவனிங்க. கூடவே ஓலைச்சுவடி பத்தியும் சொல்லுங்க, எழுத்தாணியால கீறினதால கோடு முழுக்க ஒரே தடிமன்தான், புள்ளி பெரும்பாலும் வைக்கவே மாட்டாங்க. அதனால தமிழுக்குத் தடிமன் மெலிசை எங்க போடணும்ங்கிறது ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே எடுத்து வைக்கிற விஷயம் இல்ல, யோசிச்சு முடிவு பண்ண வேண்டியது.

வரையறதுக்கு ப-ல ஆரம்பிச்சு ட, ம, ய, வ, க, கடைசில ண. ப பார்க்க ஒண்ணுமில்லாத எழுத்து மாதிரி இருக்கும், ஆனா அதுலதான் கண்ணுக்குப் பயிற்சி. நிக்கிற கோடு ரெண்டும் கீழ்க்கோடும் ஒரே அளவுல போட்டா கீழ்க்கோடு தடிமனா தெரியும், அதைக் கொஞ்சம் குறைச்சாத்தான் ஒண்ணு போல தெரியும். ஸ்கேல் வச்சு அளந்து "சரியாத்தானே இருக்கு மேம்"னு வாதாடுற பையன்கிட்ட பேப்பரைத் தலைகீழா திருப்பிக் காட்டுங்க, ஒத்துக்குவான். உகர வரிசைக்கு ஒரு முழு கிளாஸ் ஒதுக்குங்க. கு டு மு ஒரு மாதிரி சுத்தும், சு பு வு நேரா கீழ இறங்கும், து நு லு வேற மாதிரி போய் வளையும், இதை நீங்க சொல்லித்தராம பதினெட்டு எழுத்தையும் எழுதவிட்டு அவங்களையே குடும்பம் குடும்பமா பிரிக்கச் சொல்லுங்க. பழைய ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி சுழிச்சு எழுதினதையும் காட்டுங்க, 1935-லயே பெரியார் தன்னோட குடியரசு பத்திரிகைல மாத்தினாரு, தமிழ்நாட்டு அரசு 1978-லதான் ஏத்துக்கிச்சு, ரா மாதிரி கால் போடுற னா றா ணா எல்லாம் அப்ப வந்ததுதான், மொத்தம் 13 எழுத்து. அறுபதுகள்ல நடக்குற கதைக்குப் போஸ்டர் பண்றவங்களுக்கு இது தெரியலன்னா கடை போர்டு வரையும்போதே தப்பு வந்துரும்.

இப்ப கம்ப்யூட்டர். இலஸ்ட்ரேட்டர்னு படம் வரையற சாஃப்ட்வேர் இருந்தா நல்லது, இல்லன்னா இங்க்ஸ்கேப்பும் கிரிட்டாவும் இலவசம், கத்துக்க அதுவே தாராளம். பென்சில் ஸ்கெட்சை போட்டோ எடுத்து கீழ் லேயர்ல மங்கலா வச்சுட்டு மேல பென் டூலால வரையணும். பசங்க வளைவு வர்ற இடமெல்லாம் புள்ளி குத்திக்கிட்டே போவாங்க, க-வுக்கே நாப்பது புள்ளி வச்சு எழுத்து நடுங்குற மாதிரி இருக்கும். வளைவோட உச்சி, அடி, இடது ஓரம், வலது ஓரம் இங்க மட்டும் புள்ளி, புள்ளில இருந்து நீட்டிக்கிட்டு வளைவைத் தீர்மானிக்கிற கைப்பிடிகளை ஷிஃப்ட் பிடிச்சு நேரா இழுங்க, அவ்வளவுதான், எழுத்து தானா வழுவழுன்னு வந்துரும்.

டைப் பண்றதுக்கு முன்னாடி செட்டிங்கைப் பார்த்தே ஆகணும், இதை விட்டுட்டு நான் ரொம்ப வருத்தப்பட்டிருக்கேன். ஒரு விழாவுக்கு எங்க பசங்க ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்ச பேனர், மேடைல ஏத்தினப்போ கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னாடி போய் நின்னுச்சு, அந்தப் பசங்க முகம் இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. இலஸ்ட்ரேட்டர்ல ப்ரிஃபரன்ஸ் போய் டைப்ல ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ் டிக் பண்ணிட்டு, பாராகிராஃப் பேனல் மெனுல தமிழ் எழுத்தை உடையாம சேர்த்து அடுக்குற மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் கம்போசரைத் தேர்ந்தெடுக்கணும், இன்டிசைன்ல அதுக்குப் பேரு வேர்ல்டு ரெடி கம்போசர். கொடி, கேணி, பௌர்ணமி இந்த மூணையும் அடிச்சுப் பாருங்க, மூணும் உடையாம வந்தா வேலையைத் தொடங்கலாம். பிரஸ்ஸுக்குக் குடுக்கும்போது எழுத்தை வெறும் வடிவமா, அதாவது அவுட்லைனா மாத்தின காப்பி ஒண்ணு, திருத்தக்கூடிய காப்பி ஒண்ணு, ரெண்டும் வேணும்.

பாமினி மாதிரி பழைய ஃபாண்ட் இன்னும் நிறைய டிடிபி கடைல ஓடுது, அதுல அம்மான்னு தெரியுறது உள்ள எம், கே, செமிகோலன், கே, எச்-னு கிடக்குற ஆங்கில எழுத்துதான், ஃபாண்டை மாத்தினா எல்லாம் போச்சு. தமிழ் எழுத்துக்குன்னே தனி எண் இருக்கிற யூனிகோடுலயே பழக்குங்க. கூகுள் ஃபாண்ட்ஸ்ல முக்தா மலர், பலூ தம்பி, நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் இலவசமா இருக்கு. கேட்டமரான் ஃபாண்ட்ல 9 தடிமன் இருக்கு, அதுல ரொம்ப மெலிசான ண-வையும் ரொம்பத் தடியான ண-வையும் பெருசாக்கி பக்கத்துல பக்கத்துல வைங்க, வடிவமைச்சவங்க சுழிக்குள்ள எங்கெல்லாம் இடம் விட்டிருக்காங்கன்னு பார்த்து, தெருவுல எடுத்த போட்டோவோட ஒப்பிடச் சொல்லுங்க.

இடைவெளி விஷயத்துல ரெண்டே ரெண்டு சொல்றேன். வரிக்கு வரி விடுற இடைவெளியை, அதாவது லீடிங்கை, ஆட்டோல விட்டா எழுத்து அளவுல 120 சதவீதம்தான் வரும், தமிழுக்கு அது பத்தாது, மேல் வரி மூ-வோட வாலும் கீழ் வரி ரீ-யோட கொண்டையும் மோதும், 12 பாயிண்டுக்கு 18 குடுத்துப் பாருங்க. எழுத்துக்கு எழுத்து விடுற இடைவெளியை, அதாவது ட்ராக்கிங்கை, ஸ்டைலுக்காக இழுத்து விட்டா கால் தனியா நடந்து போயிரும், காகம் கரகம்னு படிக்கும்.

கடைசி பிராஜெக்ட் நான் எப்பவும் குடுக்கிறது ஒரு லிட்டர் பாட்டிலுக்கு செக்கு நல்லெண்ணெய் லேபிள். நல்லெண்ணெய்ங்கிற ஒரு சொல்லுலயே மூணு புள்ளி, ரெண்டு கொம்பு, ரெண்டு ண, இத்தனை நாள் படிச்ச எல்லாமே வந்துரும். எள்ளுச்செடியை நேர்ல பார்த்து வரையணும், வெளிர்ப் பூ, காய்ஞ்சு நுனி பிளந்த காய், செடி கிடைக்கலன்னா எள்ளு விதைச்ச காட்டுக்கே போயிட்டு வரலாம். படத்தை எந்த பிரஷ்ல போட்டாங்களோ அதே பிரஷ்ல எழுத்தையும் வரையணும், ஃபாண்ட் கூடாது, விலை, எடை மாதிரி சின்ன எழுத்துக்கு மட்டும் ஃபாண்ட். உருண்டை பாட்டில்ல முன்னாடி தெரியுற இடம் கம்மி, சொல்லு நீளம், அதனால கண்டிப்பா உடைக்கப் பார்ப்பாங்க. போன வருஷம் ஒரு பையன் இடம் பத்தலன்னு நல்ல ஒரு வரி, எண்ணெய் ஒரு வரின்னு போட்டுட்டான், பார்க்க அழகாவே இருந்துச்சு, ஆனா அது எந்த எண்ணெயா வேணா இருக்கலாம், எள்ளு காணாம போச்சு. மூணு நாள் முட்டி மோதி, நல் மேல சின்னதா, லெண்ணெய் கீழ பெருசா, அந்த ல் புள்ளியையே ஒரு எள்ளு மணியா வரைஞ்சு கொண்டு வந்தான்.

மதிப்பெண் போடுறதுக்கு முன்னாடி லேபிளை பிரிண்ட் எடுத்து நிஜ பாட்டில்ல ஒட்டி ஷெல்ஃப்ல அடுக்கி பத்தடி தள்ளி நின்னு படிக்கச் சொல்லுங்க. ஸ்க்ரீன்ல பார்த்து போட்ட மார்க்கை அன்னைக்கு நான் பாதிப் பேருக்கு மாத்துவேன், மேலயும் கீழயும். அப்புறம் பக்கத்து டிபார்ட்மெண்ட்ல துப்புரவு வேலை பாக்குற அக்காவைக் கூப்பிட்டு இதுல எதை வாங்குவீங்கன்னு கேப்போம், ஏன்னு அவங்க சொல்றதைப் பசங்க நோட்ல எழுதிக்குவாங்க.