ஃபுட் பாய்சன் சரியானதுக்கு அப்புறம் சாப்பாட்டுல பண்ற தப்புங்க

கை கழுவுங்க, தண்ணிய காய்ச்சி குடிங்க, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நான் நர்ஸா வேலை பாக்குற கிளினிக்க சுத்தி முழுக்க ஹாஸ்டலும் பிஜியும். நைட்டு சிக்கன் ரைஸ் சாப்ட்டு வாந்தி பேதின்னு சுருண்டு வர்ற பசங்க டிரிப்ஸ் ஏத்திக்கிட்டு தெம்பா கெளம்பி போவாங்க, ரெண்டு நாள்ல அதே மூஞ்சி திரும்ப வந்து பெஞ்சுல உக்காந்திருக்கும், "சிஸ்டர், மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு". என்னடா சாப்ட்டன்னு கேட்டா பாதி பேர் ஒரே பதில்தான் சொல்லுவாங்க.

பாலும் பிரெட்டும்

நம்ம ஊர்ல ஒருத்தருக்கு உடம்பு முடியலன்னா பாக்க வர்றவங்க கையில பிரெட் பாக்கெட் இருக்கும், இல்லன்னா பால்ல கலக்குற சத்து பவுடர் டப்பா இருக்கும். காய்ச்சலுக்கு சரி, வயிறு போனவனுக்கு ஏன்யா பால் குடுக்குறீங்க?

சிறுகுடலோட உள்பக்கம் விரல் விரலா குட்டி குட்டியா நீட்டிக்கிட்டு இருக்கும், அந்த நுனியிலதான் பால்ல இருக்குற லாக்டோஸ உடைக்கிற லாக்டேஸ் என்சைம் இருக்கு. குடல்ல இன்ஃபெக்‌ஷன் வந்தா மொதல்ல அடி வாங்குறது அந்த நுனிதான். அது திரும்ப வளர்றதுக்குள்ள நீங்க பால ஊத்துனா லாக்டோஸ் உடையாம அப்படியே பெருங்குடலுக்கு போயி தண்ணிய இழுக்கும், அங்க இருக்குற பாக்டீரியா அத புளிக்க வச்சு கேஸ் ஆக்கும், வயிறு பொருமி கடமுடன்னு தண்ணியா போகும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, ஆகுறவங்களுக்கு சில நாள்ல சரியாகும், சிலருக்கு ஒரு மாசம் வரைக்கும் கூட இழுக்கும். நம்ம பக்கம் நெறைய பெரியவங்களுக்கு லாக்டேஸ் ஏற்கனவே கம்மி, அது வேற.

வயித்து வலியோட போனா கூட பரவால்ல, அதுக்கு அப்புறம் நடக்குறதுதான் எனக்கு எரிச்சல். ஒரு ஃபைனல் இயர் பையன், நல்லா தேறிட்டான், அம்மா ஊர்ல இருந்து நைட் பஸ்ல வந்து இறங்கி பையன் இளைச்சிட்டான்னு வேளைக்கு ஒரு டம்ளர் பால், நடுவுல பால் பிரெட்டு. திரும்ப பேதி. ரூம்மேட் சொன்னான்னு மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் ஸ்ட்ரிப் வாங்கி போட்டான், நிக்கல, வேற ஒருத்தன் சொன்னான்னு இன்னொரு ஸ்ட்ரிப், ஆன்டிபயாடிக்கே சில பேருக்கு பேதி வர வைக்கும்னு யாருக்கும் தெரியல. கேம்பஸ் இன்டர்வியூ போச்சு. இங்க வந்தப்ப டாக்டர் செக் பண்ணிட்டு ரெண்டு மாத்திரையையும் பாலையும் நிறுத்த சொன்னாரு, அடங்கிருச்சு. அந்தம்மா என்னைய பாத்து "ஏம்மா, பால் போய் ஒத்துக்காம இருக்குமா?"ன்னு கேட்டாங்க, நான் என்னத்த சொல்ல.

தயிர் வேற கதை, அதுல இருக்குற பாக்டீரியா லாக்டோஸ்ல ஒரு பங்க தின்னு தீர்த்துரும், அதனால உப்பு போட்ட மோர் பெரும்பாலும் ஒத்துக்கும். டீயிலயும் பால் இருக்கு தம்பி, அதையும் கொஞ்ச நாள் விடு. கைக்குழந்தைக்கு மட்டும் தாய்ப்பால எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க, இங்க சொன்ன எதுவும் அதுக்கு பொருந்தாது.

ஓஆர்எஸ்ஸ டம்ளர்ல கொட்டுறது

ஓஆர்எஸ்ன்னா பேதில போன தண்ணியையும் உப்பையும் ஈடு கட்ட தண்ணில கலக்கி குடிக்கிற உப்பு சர்க்கரை பவுடர். பெரிய பாக்கெட்ல சுமார் 21 கிராம் இருக்கும், அது 1 லிட்டர் தண்ணிக்கு. டம்ளர்ல கொட்டுனா உப்பும் சர்க்கரையும் கெட்டியாகி, உடம்புல இருக்குற தண்ணியையும் குடல் பக்கம் இழுத்துரும். சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு, பின்னாடி போட்டிருப்பான், படிங்க. கலக்குனத 24 மணி நேரத்துல முடிக்கணும், மிச்சத்த கொட்டிருங்க. அட்டை டப்பாவுல வர்ற இனிப்பு ஜூஸ் ஓஆர்எஸ் கிடையாது, அந்த மாதிரி ஐட்டத்துக்கு ஓஆர்எஸ்னு பேர் போடக்கூடாதுன்னு நம்ம நாட்டு உணவு பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபர்ல ஆர்டரே போட்டிருக்கு.

வயித்துக்கு ரெஸ்ட்னு பட்டினி கிடக்குறது

வாந்தி நின்னு கொஞ்ச நேரம் ஆகி தண்ணி உள்ள தங்குதுன்னா சாப்பிட ஆரம்பிக்கலாம், சாப்பாடு உள்ள போனாதான் குடலும் சீக்கிரம் ஆறும். உப்பு போட்ட அரிசிக் கஞ்சி, இட்லி, குழைஞ்ச ரசம் சாதம், வாழைப்பழம், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி. இட்லிக்கு மிளகாப்பொடி கேக்காதீங்க.

பசி வந்துருச்சுன்னு பிரியாணி

வேணாம்.

இளநி மட்டும் குடிச்சே ஓட்டுறது

பொட்டாசியம் நெறைய, சோடியம் கம்மி. கஞ்சியும் ஓஆர்எஸ்ஸும் கூட இருக்கட்டும்.

கேஸ் போகட்டும்னு கூல்டிரிங்ஸ்

அவ்வளவு சர்க்கரை, பேதிதான் கூடும்.

ஃப்ரிட்ஜ்ல மிச்சம் இருந்த அதே சிக்கன் ரைஸ்

சிரிக்காதீங்க, நெசமாவே பண்றாங்க. "நல்லா சூடு பண்ணிதான் சிஸ்டர் சாப்ட்டேன்"னு வேற சொல்லுவாங்க. ஆக்குன சாதம் வெளியில கெடந்தா அதுல வளர்ற பேசிலஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, அது விடுற வாந்தி விஷம் சூட்டுக்கு அழியாது, நீங்க அடுப்புல எவ்வளவு நேரம் வறுத்தாலும் சரி.

பேதிய நிறுத்துற மாத்திரை

காய்ச்சலோ மலத்துல ரத்தமோ இருந்தா தொடவே தொடாதீங்க.

ரத்தம் போகுது, காய்ச்சல் 102க்கு மேல, குடிக்கிற தண்ணி கூட தங்காம வாந்தி, யூரின் சரியா வரல, பேதி மூணு நாளுக்கு மேல, இதுல எது இருந்தாலும் பால் குடிச்சதாலதான் இருக்கும்னு நீங்களா முடிவு பண்ணிட்டு ரூம்ல படுத்திருக்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க. வயசானவங்க, கர்ப்பிணி, சின்ன குழந்தைன்னா இதெல்லாம் வர்ற வரைக்கும் கூட காத்திருக்க வேணாம்.