சிறுகோளில் மோத ஒரு திட்டம் எழுதுகிறீர்களா?

கல்லூரி மாணவர்கள் போட்டிக்கு எழுதும் விண்வெளித் திட்ட அறிக்கைகளை வருஷா வருஷம் திருத்துகிறேன். பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே ராக்கெட் கிளம்பிவிடும். மோதியது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அது கடைசிப் பக்கத்தில்கூட இருக்காது. சிறுகோளின் பாதையை மாற்ற முடியுமா என்று பார்க்க, ஒரு கலத்தை மோதவிட்ட நாசாவின் டார்ட் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

முதலில் இலக்கு. தனியாகச் சூரியனைச் சுற்றும் சிறுகோளை இடித்தால் அதன் பாதை மாறுவது மிகச் சொற்பம். சட்டென்று அளக்க முடியாது. அதனால் டார்ட் குழு, சுமார் 780 மீட்டர் அகலமுள்ள டிடிமோஸ் என்ற சிறுகோளை விட்டுவிட்டு, அதைச் சுற்றும் 160 மீட்டர் குட்டி நிலாவான டிமார்ஃபோஸைக் குறிவைத்தது. அது டிடிமோஸுக்கு முன்னும் பின்னும் போகும்போது வெளிச்சம் லேசாக மங்கும். அதை வைத்துப் பூமியிலிருந்தே சுற்றுக்காலத்தைக் கணக்கிடலாம். இந்த ஜோடியால் நமக்கு ஆபத்தும் இல்லை.

அடுத்து, வெற்றிக்கு ஓர் எண்ணை முன்கூட்டியே எழுதிவையுங்கள். டார்ட்டுக்கு அது 73 வினாடி. சுற்றுக்காலம் அவ்வளவு மாறினாலே போதும் என்று வைத்திருந்தார்கள். 2022 செப்டம்பர் 26 அன்று மோதிய பிறகு, 11 மணி 55 நிமிடமாக இருந்தது சுமார் 32 நிமிடம் குறைந்திருந்தது.

ஒத்திகைக்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்கச் சொல்வேன். மோதல் நடந்த இடம் சுமார் 1.1 கோடி கிலோமீட்டர் தொலைவு. சிக்னல் வந்து சேரவே 38 வினாடி ஆகும். கலமோ வினாடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. இங்கிருந்து ஸ்டியரிங் பிடிக்க முடியாது. கடைசி நான்கு மணி நேரம் கலத்தின் மென்பொருளே வழி பார்த்துக்கொண்டது. டிமார்ஃபோஸ் தனிப் புள்ளியாகத் தெரிந்ததே கடைசி ஒரு மணி நேரத்தில்தான். இதை எப்படிச் சோதிப்பது? வழியிலேயே கேமராவை வியாழன் பக்கம் திருப்பினார்கள். வியாழனின் பின்னாலிருந்து யூரோப்பா நிலா வெளிவருவது, டிடிமோஸிடமிருந்து டிமார்ஃபோஸ் பிரிந்து தெரிவது மாதிரியே இருக்கும். செலவில்லாத சோதனைக்களம்! நான் பொறாமைப்படும் யோசனை இது.

சாட்சியை மறந்துவிடாதீர்கள். மோதும் கலம் தன் விளைவைப் பார்க்காது. இத்தாலியின் லிச்சியாகியூப் என்ற குட்டிக் கலம் 15 நாள் முன்பே பிரிந்து, பின்னாலேயே வந்து படமெடுத்தது. அப்படியும் டிமார்ஃபோஸின் நிறை நேரடியாக அளக்கப்படவில்லை. அது தெரியாமல் எவ்வளவு உந்தம் கிடைத்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. அதை அளக்கத்தான் ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் 2024 அக்டோபர் 7 அன்று கிளம்பியது. உங்கள் அட்டவணையிலும் மோதலுக்கு அப்புறம் சில வருடங்களைக் காலியாக விட்டுவையுங்கள்.