ஒரு நாட்டின் காட்டை அளப்பது எப்படி? செயற்கைக்கோள் படத்திலிருந்து அளவு நாடா வரை

இந்திய வனநிலை அறிக்கை 2023-இன்படி நாட்டின் வனப் பரப்பு 7,15,343 சதுர கி.மீ. மொத்த நிலப்பரப்பில் இது 21.76 சதவீதம். காட்டுக்கு வெளியே உள்ள மரப் பரப்பையும் சேர்த்தால் 25.17 சதவீதம். டேராடூனில் 1981 முதல் இயங்கும் இந்திய வன அளவை நிறுவனம், 1987-இல் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்ற கணக்கில் இந்த அறிக்கையைத் தயாரிக்கிறது. இதன் பின்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. காடு எங்கே இருக்கிறது என்று வானத்திலிருந்து பார்ப்பது ஒன்று. அந்தக் காட்டுக்குள் என்ன நிற்கிறது என்று தரையில் இறங்கி அளப்பது இன்னொன்று. புதிதாக வருபவர்கள் முதல் வேலையிலேயே மூழ்கிவிடுகிறார்கள். இங்கே இரண்டாவதற்குக் கூடுதல் இடம் கொடுக்கிறோம், ஏனென்றால் தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான்.

படி 1: எதைக் காடு என்று எண்ணப்போகிறீர்கள்?

இதை எழுதி வைக்காமல் கணினியைத் திறக்காதீர்கள். இந்திய அறிக்கையின் வரையறைப்படி, குறைந்தது 1 ஹெக்டேர் நிலத்தில் மர விதானம், அதாவது இலை கிளைகள் தரையை மூடும் பரப்பு, 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது வனப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் எந்த இனம் என்ற கேள்வி இல்லை. எனவே பழத்தோட்டம், மூங்கில், தென்னந்தோப்பு, அடர்ந்த சீமைக்கருவேலம் எல்லாமே உள்ளே வரும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்போ 0.5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் விதானம் என்று கேட்கிறது. விவசாயப் பயன்பாட்டில் உள்ள பழத்தோட்டங்களை விலக்குகிறது, ரப்பர் தோட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அரசுப் பதிவேட்டில் 'காடு' என்று உள்ள நிலம் இவை இரண்டிலிருந்தும் வேறானது; அதில் ஒரு மரம்கூட இல்லாமல் இருக்கலாம். இந்த மூன்றையும் கலந்து பேசுவதால்தான் "காடு கூடியது", "இல்லை, குறைந்தது" என்ற வாதம் ஓயாமல் நடக்கிறது.

படி 2: வரைபடம்

தேசிய வரைபடத்துக்கு ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3 கருவி எடுத்த படங்கள் பயன்படுகின்றன. அதில் ஒரு படப்புள்ளி தரையில் 23.5 மீட்டர். அப்படியானால் 1 ஹெக்டேருக்குச் சுமார் 18 புள்ளிகள்தான். நீங்கள் பழகுவதற்கு 10 மீட்டர் துல்லியமுள்ள சென்டினல்-2 படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாதத்தைத் தேர்வதில்தான் பாதி வெற்றி. வறண்ட இலையுதிர் காட்டைப் பிப்ரவரிக்குப் பிறகு படம் எடுத்தால் வெறும் கிளைகள்தான் தெரியும். காடு அழிந்ததுபோல் வரைபடம் சொல்லும். அதனால்தான் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களை எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்போது வடகிழக்குப் பருவமழை என்பதால் மேகம் இல்லாத நாளைத் தேடிப் பொறுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் ஒரே மாதம்.

பிறகு விதான அடர்த்தியை வைத்துப் பிரியுங்கள்: 70 சதவீதமும் அதற்கு மேலும் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்த்தி, 10 முதல் 40 வரை திறந்த காடு, 10-க்குக் கீழே புதர்க்காடு. ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 50 புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து நேரில் சரிபாருங்கள். சாலையோரமாகவே புள்ளிகளை எடுத்தால் அது சரிபார்ப்பே ஆகாது. மலைச்சரிவின் நிழல் அடர்ந்த காடாகத் தெரியும். வாழையும் கரும்பும் மரமாகத் தெரியும். விதானத்துக்குக் கீழே உண்ணிச்செடி மண்டி, ஒரு மரக்கன்றுகூட முளைக்க விடாமல் செய்திருந்தாலும் வரைபடத்தில் அந்த இடம் பச்சைதான்.

படி 3: எத்தனை மாதிரித் திட்டுகள்?

எல்லா மரத்தையும் எண்ண முடியாது, எண்ணவும் தேவையில்லை. காட்டில் ஆங்காங்கே சிறு நிலத்துண்டுகளை, அதாவது மாதிரித் திட்டுகளை, மட்டும் அளந்தால் போதும். முதலில் 10, 15 திட்டுகளை முன்னோட்டமாக அளந்து, ஹெக்டேருக்கான மரக் கன அளவு திட்டுக்குத் திட்டு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். திட்ட விலக்கத்தை (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவை)ச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு. அதை 2-ஆல் பெருக்கி, நீங்கள் ஏற்கும் பிழைச் சதவீதத்தால் வகுத்து, விடையை வர்க்கமாக்குங்கள். கெழு 50, பிழை 10 சதவீதம் என்றால் 2 × 50 ÷ 10 = 10; அதன் வர்க்கம் 100 திட்டுகள். பிழையை 5 சதவீதமாகக் குறைக்க ஆசைப்பட்டால் 400. செலவு நான்கு மடங்கு.

இடங்களைக் கட்டமிட்டுத் தேர்ந்தெடுங்கள். தேசிய அளவில் நாட்டையே 5 கி.மீ.க்கு 5 கி.மீ. கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒரு வனச்சரகத்துக்கு 1 கி.மீ. கட்டம் போதும். புள்ளி முட்புதரில் விழுந்தாலும் நகர்த்தாதீர்கள். பாறையில் விழுந்தால் மரம் பூஜ்யம் என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்யமும் தகவல்தான். போக முடியாத இடமென்றால் 'போக முடியவில்லை' என்றே எழுதுங்கள்.

படி 4: திட்டை வகுப்பது

தேவையானவை: 30 மீட்டர் நாடா, சுற்றளவு நாடா, திசைகாட்டி, சரிவுமானி, ஜி.பி.எஸ்., 1.37 மீட்டருக்கு வெட்டிய குச்சி, கயிறு, சாக்பீஸ், நான்கு ஆட்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. அந்தப் பகுதியின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் உடன் வரட்டும். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

0.1 ஹெக்டேர் சதுரத் திட்டின் பக்கம் 31.62 மீட்டர். பக்கம் பக்கமாக அளந்துகொண்டு போனால் சதுரம் கோணிவிடும். நடுப்புள்ளியில் நின்று 45, 135, 225, 315 பாகைகளில் 22.36 மீட்டர் போய் நான்கு மூலைகளையும் நடுங்கள். அடுத்தடுத்த மூலைகளுக்கு இடையே 31.62 வருகிறதா என்று பாருங்கள். 30 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்ப வகுக்க வேண்டும்.

சரிவு நிலத்தில் கவனம் தேவை. நமக்கு வேண்டியது கிடைமட்டத் தூரம். 25 பாகைச் சரிவில் தரையோடு 22.36 மீட்டர் அளந்தால் கிடைமட்டமாக 20.26 மீட்டர்தான் கிடைக்கும். ஒரு மூலைவிட்டம் அந்தச் சரிவிலேயே கிடந்தால் 1,000 சதுர மீட்டர் இருக்க வேண்டிய திட்டு 906 ஆகச் சுருங்கும். உங்கள் காட்டில் 9 சதவீத மரம் காகிதத்திலேயே காணாமல் போகும். 22.36-ஐச் சரிவுக் கோணத்தின் கோசைனால் வகுத்து, 24.67 மீட்டர் அளக்க வேண்டும். ஒவ்வொரு பாகைக்குமான தூரத்தை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

எல்லையில் நிற்கும் மரத்துக்கு அடிமரத்தின் மையம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மையம் கோட்டின் மேலேயே இருந்தால் வடக்கும் கிழக்கும் உள்ளே, தெற்கும் மேற்கும் வெளியே என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய மரங்கள் எல்லாம் உள்ளே வந்து சேரும். அழகான மரத்தை விட்டுவிட மனம் வராது.

படி 5: மரத்தை அளப்பது

வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் போங்கள். அளந்த மரத்தில் நடுப்புள்ளியைப் பார்க்கும் பக்கமாகச் சாக்பீஸ் கோடு போட்டால், விடுபட்ட மரம் நடுவில் நின்று பார்க்கும்போதே தெரிந்துவிடும். விட்டம் 10 செ.மீ.க்கு மேற்பட்டவை, அதாவது சுற்றளவு 31.4 செ.மீ.க்கு மேற்பட்டவை எல்லாம் கணக்கில் வரும்.

தண்டின் சுற்றளவை எடுக்கும் இடத்துக்கு மார்பு உயரம் என்று பெயர். இந்தியாவில் அது 1.37 மீட்டர், பல நாடுகளில் 1.30. எதை எடுத்தீர்கள் என்று படிவத்தில் எழுதுங்கள். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று குச்சியை ஊன்றுங்கள். சாய்ந்த மரத்தில் சாய்ந்த பக்கத்தில், தண்டை ஒட்டி. 1.37-க்குக் கீழே கவை பிரிந்தால் இரண்டு மரம், மேலே பிரிந்தால் ஒன்று. பலகை வேர் உள்ள மரத்தில் அது முடியும் இடத்துக்கு 30 செ.மீ. மேலே. தண்டில் கொடி சுற்றியிருந்தால் அதைத் தூக்கி அடியில் நாடாவை நுழையுங்கள். கொடிக்கு மேல் சுற்றாதீர்கள்.

நாடா, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில்தான் சரிகிறது. முன்னால் சரியாக 1.37-இல் பிடித்திருப்பீர்கள், பின்னால் ஒரு சாண் இறங்கியிருக்கும். சரிந்த நாடா எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதனால் ஆயிரம் மரம் அளந்தாலும் இந்தப் பிழை ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் சேர்ந்துகொண்டே போகும். ஒருவர் அளக்கும்போது இன்னொருவர் மரத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும்.

உயரத்துக்கு மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கண்மட்டத்திலிருந்து உச்சிக்கு 38 பாகை, அடிக்குக் கீழ்நோக்கி 5 பாகை என்றால் 20 × (0.781 + 0.087) = 17.4 மீட்டர். கிட்ட நின்று பார்த்தால் முன்னால் நீண்ட கிளையை உச்சியென்று எண்ணிவிடுவோம்.

படி 6: கணக்கு

மரத்தின் கன அளவுக்கு இனவாரியாகச் சூத்திரங்கள் உண்டு. உயிர்த்திரளுக்கு (மரத்தின் உலர் எடைக்கு), வெப்பமண்டல மரங்களுக்கு 2014-இல் வெளியான பொதுச் சூத்திரத்தைப் பயன்படுத்தலாம்: மர அடர்த்தி × விட்டத்தின் வர்க்கம் × உயரம், இந்தப் பெருக்கத்தின் 0.976 அடுக்கை எடுத்து 0.0673-ஆல் பெருக்குங்கள். அடர்த்தி கன செ.மீ.க்கு 0.6 கிராம், விட்டம் 30 செ.மீ., உயரம் 15 மீட்டர் என்றால் தரைக்கு மேல் சுமார் 439 கிலோ. அதில் 47 சதவீதம் கார்பன் என்று கொண்டால் 206 கிலோ. அதே மரத்தை 31 செ.மீ. என்று எழுதியிருந்தால் விடை 6.6 சதவீதம் ஏறிவிடும். ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு.

0.1 ஹெக்டேர் திட்டின் கூட்டுத்தொகையை 10-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கான அளவு.

படி 7: திரும்ப வருவது

ஒரு கற்பனைக் கணக்கு. 100 திட்டுகளில் சராசரி ஹெக்டேருக்கு 48 கன மீட்டர், திட்ட விலக்கம் 24. 24-ஐ 100-இன் வர்க்கமூலமான 10-ஆல் வகுத்தால் சராசரியின் திட்டப் பிழை 2.4; அதன் இரு மடங்கை எடுத்தால் 48 ± 4.8. ஐந்து ஆண்டு கழித்து வேறு 100 இடங்களில் அளந்தால், இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்குப் பிழை ± 6.8. காடு உண்மையிலேயே 5 கன மீட்டர் இழந்திருந்தாலும் உங்களால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதே 100 திட்டுகளுக்குத் திரும்பப் போய், இரண்டு அளவீடுகளுக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு; முழுமையானால் 1) 0.9 இருந்தால் பிழை ± 2.1-ஆகக் குறையும். உழைப்பு ஏறக்குறைய அதேதான். ஆனால் இழப்பு பளிச்சென்று தெரியும். கண்காணிப்பு என்பதற்கு இந்தத் திரும்புதல்தான் அடிப்படை.

வரைபடத்தில் இதற்கு நேர்மாறு. 90 சதவீதம் சரியான இரண்டு வரைபடங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், இரண்டுமே சரியாக இருக்கும் இடம் சுமார் 81 சதவீதம்தான். அதனால் மாற்றம் என்று காட்டும் இடங்களைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து வருபவர் உங்கள் திட்டைக் கண்டுபிடிக்க ஜி.பி.எஸ். மட்டும் போதாது. மர விதானத்தின் கீழ் அது பல மீட்டர் தவறலாம். நடுப்புள்ளியில் ஓர் இரும்புக் கம்பியை மண்மட்டத்துக்கு அடித்து இறக்குங்கள். உலோகம் காட்டும் கருவி அதைக் கண்டுபிடிக்கும். அருகிலுள்ள இரண்டு சாட்சி மரங்களின் இனம், சுற்றளவு, கம்பியிலிருந்து திசைப் பாகை, தூரம் ஆகியவற்றைப் படிவத்தில் எழுதுங்கள். மரங்களில் பெயின்ட் வளையம் போடாதீர்கள். வளையம் தெரிந்தால் விறகு வெட்டுபவர் அந்தத் திட்டைத் தவிர்ப்பார், காவலர் அதைக் கூடுதலாகக் கவனிப்பார். சுற்றியுள்ள காட்டுக்கு நடப்பது உங்கள் திட்டுக்கு நடக்காமல் போய்விடும்.